கோடு யாருடையது? பெங்களூருவில் விவிலியம் வரையப்பட்ட வரலாறு

தமிழில் 'எழுது' என்னும் வினைக்கு வரைதல் என்ற பொருளும் உண்டு. கண்ணுக்கு மை எழுதுகிறோம். பழந்தமிழில் ஓவியமும் எழுதப்பட்டதே. வண்ணம் ஏற்றாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரத்துக்குப் 'புனையா ஓவியம்' என்று பெயர். ஞாயிறு பள்ளிகளிலும் தியான முகாம்களிலும் வண்ணம் தீட்டத் தரப்படும் விவிலியத் தாள்கள் இத்தகைய புனையா ஓவியங்களே. அவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று கடந்துவிடுதல் எளிது. ஆனால் மரியாவின் உடை எது, அவர் அமர்ந்திருப்பது எத்தகைய வீடு என்பவற்றையெல்லாம் கோடு வரைந்தவர் முன்னரே தீர்மானித்துவிடுகிறார். உரையாசிரியர் பணியில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. எனவே கோடு யாருடையது என்பது வரலாற்றுக் கேள்வி.

1580இல் இயேசு சபையினர், ஆண்ட்வெர்ப் நகரில் பிளாண்டின் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை அக்பருக்கு அளித்தனர். முகலாய ஓவியர்கள் அதிலிருந்தும் பிற ஐரோப்பிய அச்சுப் படங்களிலிருந்தும் உருவங்களைப் படியெடுத்து வண்ணம் சேர்த்தனர். பின்னணியில் தம் கைவண்ணத்தையும் புகுத்தினர். எனினும் மூலக்கோடு ஐரோப்பாவினுடையதாகவே இருந்தது.

அந்நிலையை மாற்றும் முயற்சிக்கு இருபதாம் நூற்றாண்டில் பெங்களூரு ஒரு முக்கியக் களமாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) விவிலிய வாசிப்பைப் பொதுநிலையினருக்கு அகலத் திறந்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக 1967இல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் இந்நகரில் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் தமிழகத்தைச் சேர்ந்த து. ச. அமலோர்பவதாஸ். அம்மையத்தோடு இணைந்து பணியாற்றிய ஓவியர் ஜோதி சாகி, பின்னர் நகரை அடுத்த சில்வேபுராவில் கலை ஆசிரமம் அமைத்தார். படம் வசனத்துக்கு அலங்காரம் அன்று, அதுவே ஒரு வாசிப்பு என்பது அவரது பணியின் அடிப்படை. தவக்காலத்தில் பலிபீடத்தை மறைக்கும் ஓவியத் திரை ஐரோப்பாவின் இடைக்கால வழக்கம். ஜெர்மனியின் மிசேரியோர் அமைப்பு 1976இல் அதற்குப் புத்துயிர் அளித்தபோது முதல் திரையை வரைந்தவர் சாகியே. இம்முறை கோடு இங்கிருந்து அங்கே சென்றது.

ஆயினும் 'இங்கிருந்து' என்னும் சொல்லுக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது. இந்தியக் கிறித்தவ இறையியல் பிராமணிய மரபையே இந்திய மரபாக எடுத்துக்கொண்டது என்பது அரவிந்த் நிர்மலின் விமரிசனம். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. தாமரையும் மண்டலமும் ஐரோப்பியக் கோட்டை அகற்றலாம். ஆனால் ஒடுக்கப்பட்டோரின் கோடு அவற்றில் உண்டா?

சாகி பிற்காலத்தில் வரைந்த 'தலித் மடோனா' ஓவியத்தை இக்கேள்வியின் அருகில் வைத்துப் பார்க்கலாம். அதில் தாயும் சேயும் அரைக்கும் கல்லின் வடிவில் அமைகின்றனர்: குழிந்த தாய்க்கல், அதனுள் பொருந்திய சிறு கல். தமிழ் வாசகருக்கு இங்கே கூடுதலாக ஒன்று புலப்படும். ஆட்டுக்கல்லில் சுழலும் கல்லும் குழவி, கைக்குழந்தையும் குழவி. ஓவியர் கோட்டால் இணைத்ததை நம் மொழி ஒரே சொல்லுக்குள் முன்னரே இணைத்து வைத்திருக்கிறது. அரண்மனைச் சித்திரமோ கோயிற் சிற்பமோ அன்றி, அன்றாட உழைப்பின் கருவி இங்கே திருவுருவாகிறது.

மொழிபெயர்ப்புகளையும் உரைகளையும் விவிலிய வரவேற்பின் சான்றுகளாக நாம் கவனமாகத் தொகுக்கிறோம். வரைந்த தாள்களுக்கும் அதே மதிப்பு வேண்டும். ஒரு சிற்றூர்ப் பெண் பெத்லகேமைத் தன் தெருவாக வரைவாரானால் அதுவும் ஓர் உரையே. அச்சிட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்பச் சொல்வதற்கும் வெற்றுத்தாளைக் கையில் கொடுப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, கற்பித்தல் முறையின் வேறுபாடு மட்டுமன்று. பொருள் கொள்ளும் உரிமை யாருக்கு என்பதன் வேறுபாடு. இறையியல், மொழியியல், கலை வரலாறு பயிலும் மாணவர்கள் இத்தாள்களைத் தேடிச் சேகரிக்கத் தொடங்கினால், எழுத்தறியாதோர் 'எழுதிய' உரைகளும் நம் ஆய்வுக்குள் வரும்.