நீராவி ரோடு ரோலரின் கதை

ரோடு ரோலர் வருவதற்கு முன் ஜல்லி பரப்பிய சாலையை அழுத்தியது யார்? அதன் மேல் போன வண்டிகள்தான்! மாதக்கணக்கில் வண்டிச் சக்கரங்கள் உருண்டு உருண்டுதான் கற்கள் இறுகின. குதிரைகளைக் கட்டி இரும்பு உருளையை இழுத்தும் பார்த்தார்கள். ஆனால் குளம்புகளே கல்லைக் கிளறிவிட்டன. திரும்பி வர வேண்டுமென்றால் குதிரைகளை அவிழ்த்து மறுபக்கம் பூட்ட வேண்டும்.

இதற்கு விடை தேடியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1863இல் கல்கத்தா நகராட்சிப் பொறியாளர் கிளார்க்கும், பர்மிங்காமைச் சேர்ந்த பேத்தோவும் கல்கத்தாவுக்காக ஒரு நீராவி ரோலரை வடிவமைத்தார்கள். ஆனால் வியாபாரத்தில் ஜெயித்தவர் தாமஸ் ஏவ்லிங். இங்கிலாந்தின் ராச்செஸ்டரில் அவர் நடத்திய 'ஏவ்லிங் அண்ட் போர்ட்டர்' நிறுவனத்தின் ரோலர் 1867இல் லிவர்பூலுக்குப் போனது. பிறகு இவர்களின் ரோலர்கள் உலகமெங்கும் போயின. முகப்பில் கென்ட் மாவட்டத்தின் பாயும் குதிரைச் சின்னம் இருக்கும்.

இதன் அமைப்பு எளிமையானது. பின்னால் இரண்டு அகலமான சக்கரங்கள். அவற்றுக்கு நடுவில் விடுபடும் இடத்தை முன் உருளை மிதித்துவிடும். லீவரை மாற்றினால் வந்த வழியே பின்னோக்கிப் போகும். வேகம் மட்டும் ஆள் நடக்கும் வேகம்தான்! அதனால் வெளியூர் வேலைக்குப் போகும்போது டிரைவர் படுத்துத் தூங்க ஒரு மர வண்டியையும் பின்னால் இழுத்துப் போவார்கள்.

காலையில் நெருப்பு மூட்டி, நீராவி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். டீசல் ரோலரோ உடனே புறப்பட்டுவிடும். அப்படியும் பிரிட்டனில் 1960கள் வரை நீராவி ரோலர்கள் உழைத்தன. பிறகு பல காயலான் கடைக்குப் போயின. சில சிறுவர் பூங்காக்களில் பிள்ளைகள் ஏறி விளையாட நிறுத்தப்பட்டன.

மிச்சமானவற்றை ஆர்வலர்கள் வாங்கினார்கள். போல்டன் நகரில் உயரமான புகைபோக்கிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்த ஃப்ரெட் டிப்னா, 175 பவுண்டுக்கு ஒரு ஏவ்லிங் ரோலரை வாங்கினார். வேறு ஆளுக்குக் கொடுத்துச் சரிசெய்யப் பணம் இல்லை. பாய்லர் வேலை உட்பட எல்லாம் தானே செய்தார். 14 வருடங்கள் ஆயின!

ஆனால் காப்பாற்றுகிறேன் என்று சொல்லியே சிலர் ரோலரை அழித்ததும் உண்டு. முன் உருளையைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சக்கரம் மாட்டி, அதிக மதிப்புள்ள இழுவை இயந்திரம் போல மாற்றிவிட்டார்கள். பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் சாலை போட்ட இயந்திரம் அது அல்ல. டிப்னா அப்படிச் செய்யவில்லை. தாயின் பெயரான 'பெட்ஸி' என்று அழைக்கப்பட்ட அந்த வண்டி, ரோலராகவே, பின்னால் தங்கும் வண்டியோடு கண்காட்சிகளுக்குப் போய் வந்தது.