புதுக்கோட்டை தந்த நடிகரும் எல்லைப்புற ரசிகர்களும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப் பாதையில் மீனாட்சிபுரம் என்றொரு சிறிய நிலையம் உண்டு. தமிழகத்தின் எல்லை முடிந்து கேரளம் தொடங்கும் இடம் அது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் வழங்கும் ஊர். சந்தையில் இரண்டும் கலந்து ஒலிக்கும். நம் முன்னோர் வாழ்ந்த ஊர் இதுவே. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியை ஏற்று, இன்று வடக்கே வாழும் நமக்கு அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் ஒரு நடிகரின் பெயரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அவர் பி. யு. சின்னப்பா.

இப்பெயரை இன்றைய இளைஞரிடம் கூறினால், 'அவர் யார்?' என்று வினவுவோரே மிகுதி. தியாகராஜ பாகவதரின் பெயரையாவது சிலர் கேள்வியுற்றிருப்பர். ஆனால், ஒரு காலத்தில் இவ்விரு பெயர்களும் தமிழ்நாட்டை இரு கட்சிகளாகப் பிரித்து வைத்திருந்தன. பாகவதர் கட்சியைச் சேராதவர் சின்னப்பா கட்சி. சின்னப்பா கட்சியைச் சேராதவர் பாகவதர் கட்சி. அப்படியிருந்த புகழ் எவ்வாறு மங்கியது? மங்கிய பின்னரும் சிலர் உள்ளத்தில் எவ்வாறு நிலைத்தது? இவ்விரு கேள்விகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சின்னப்பா 1916ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். இயற்பெயர் சின்னசாமி. தந்தையார் உலகநாத பிள்ளை நாடக மேடையில் நடித்தவர். ஆகவே, இளமையிலேயே நாடகக் கலை அவரைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. சிறுவர்களையே கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பா சேர்ந்தார். பாட்டாலும் நடிப்பாலும் முன்னணி வேடங்களைப் பெற்றார். அதே கம்பெனியில் அவருக்கு இளையவராக இருந்து பயின்ற சிறுவர்களுள் ஒருவர்தாம் பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரன். எம். ஜி. ஆரின் குடும்பத்தார் பாலக்காட்டு வடவன்னூரைச் சேர்ந்தவர்கள். மீனாட்சிபுரத்துக்கும் வடவன்னூருக்கும் தொலைவு அதிகமில்லை. எனவே, எங்கள் பக்கத்துப் பெரியோர், 'நம் ஊர்ப் பிள்ளைக்கு மூத்தவர் சின்னப்பா' என்று உரிமையோடு பேசியது உண்டு.

நாடகப் பயிற்சியோடு சின்னப்பா நின்றுவிடவில்லை. சிலம்பம், வாள்வீச்சு, உடற்பயிற்சி ஆகியவற்றையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தார். இசையிலும் பயிற்சி பெற்றார். பாடத் தெரிந்தவருக்குச் சண்டையிடத் தெரியாது; சண்டையிடத் தெரிந்தவருக்குப் பாட வராது. இரண்டும் ஒருங்கே அமைந்தவர் சின்னப்பா. அவருடைய தனிச்சிறப்பு இதுவே. பாகவதரின் குரலுக்கு மயங்கியவர்கள் கோடி. ஆனால், வாளேந்திக் களத்தில் குதிக்கும் கதாநாயகனை நாடிய இளைஞர்கள் சின்னப்பாவையே தேடிச் சென்றார்கள்.

1936ஆம் ஆண்டு 'சந்திரகாந்தா' என்னும் படத்தின் மூலம் அவர் திரையுலகில் புகுந்தார். எனினும், பெரும் வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1940ஆம் ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் உரிமையாளர் டி. ஆர். சுந்தரம் எடுத்த 'உத்தமபுத்திரன்' அவருடைய வாழ்வைத் திருப்பியது. பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவின் கதையைத் தழுவி எடுக்கப்பட்ட படம் அது. நல்லவன் ஒருவன், கொடியவன் ஒருவன் என இரு சகோதரர்களாகவும் சின்னப்பாவே தோன்றினார். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடப் படம் என்று அது போற்றப்படுகிறது. ஒரே முகம் இரண்டு மனிதர்களாக எதிரெதிரே நிற்பதைக் கண்டு மக்கள் திகைத்தனர்.

அதன் பின்னர் வெற்றிகள் அடுக்கடுக்காக வந்தன. 1941இல் காத்தவராயன் கதையான 'ஆர்யமாலா'. 1942இல் கண்ணாம்பாவுடன் 'கண்ணகி'. அதே ஆண்டில் 'மனோன்மணி'. கடைசியாகக் கூறிய படத்தின் மூலம், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இயற்றிய நாடகம். அப்பெருமகனார் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தவர். தாயகத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழர் ஒருவர் எழுதிய நாடகம் திரைக்கு வந்து, தமிழகம் முழுவதும் ஓடியது என்பதைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் மறத்தல் கூடாது. 1944இல் பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'ஜகதலப்பிரதாபன்' வெளிவந்தது. அதில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுபவரும் சின்னப்பா, பக்கத்தில் வாத்தியம் வாசிப்பவர்களும் சின்னப்பா என ஐந்து உருவங்களில் அவர் தோன்றினார். கணிப்பொறி இல்லாத காலத்தில், ஒரே படச்சுருளை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பகுதி பகுதியாகப் படமெடுத்து இந்த விந்தை நிகழ்த்தப்பட்டது. 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசன் பாடகராகவும் வாத்தியக்காரர்களாகவும் தோன்றிய காட்சியைக் கண்டவர்கள் அதனை வியந்தார்கள். முதியவர்களோ, 'இதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டோம்' என்று சிரித்தார்கள்.

அந்த முதியவர்களுள் ஒருவர் நம் பாட்டனார். பதினைந்து வயதில் அவர் 'ஆர்யமாலா'வைப் பொள்ளாச்சிக் கொட்டகையில் பார்த்தாராம். போகும்போது இரயில், திரும்பும்போது கையில் காசில்லாமையால் நடை. இதில் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. அக்காலத்தில் சித்தூர்ப் பகுதி கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்தது. பொள்ளாச்சி ஆங்கிலேய ஆட்சியில் இருந்த கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. புதுக்கோட்டையோ தனிச் சமஸ்தானம். கொச்சி மன்னரின் குடிமகன் ஒருவன், ஆங்கிலேயரின் எல்லைக்குள் நடந்து சென்று, புதுக்கோட்டைக்காரரின் பாட்டைக் கேட்டு மனம் நிறைந்து திரும்பினான். மூன்று ஆட்சிகளையும் ஒரு பாட்டு கடந்தது! 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அந்த எல்லை மேலும் உறுதிப்பட்டது. ஆயினும், பாட்டு மட்டும் எல்லையை அறியவில்லை.

பாட்டனாருக்கு ஒரு நண்பர் இருந்தார்; அவர் பாகவதர் கட்சி. நிலையத்துக்கு அருகிலிருந்த தேநீர்க் கடையில் இருவரும் மாலைதோறும் வாதிடுவர். 'குரல் என்றால் பாகவதர்' என்பார் ஒருவர். 'குரல் மட்டும் போதுமா? வாள் பிடிக்கத் தெரிய வேண்டாமா?' என்பார் மற்றவர். இவ்வழக்கு அறுபது ஆண்டுகள் நடந்தது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. ஒருநாள் நண்பர் காலமானார். அதற்குப் பிறகு பாட்டனார் அந்தக் கடைக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டார். ஒருமுறை விடுமுறைக்குச் சென்றிருந்த நாம், 'தாத்தா, உண்மையில் யார் உயர்ந்தவர்?' என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, 'பாகவதருந்தான் நன்றாகப் பாடுவார்' என்றார். வாழ்நாளில் ஒருபோதும் அவர் சொல்லியிராத சொல் அது. தோழனுக்கு அவர் செலுத்திய அஞ்சலி அது என்பதை நாம் பிற்பாடே உணர்ந்தோம்.

சின்னப்பாவின் முடிவு சோகமானது. 1944இல் பாகவதர் கொலை வழக்கொன்றில் கைதாகி, 1947இல்தான் விடுதலை பெற்றார். அந்த இடைக்காலத்தில் திரையுலகின் தனி மன்னராக விளங்கியவர் சின்னப்பா. 1949இல் 'மங்கையர்க்கரசி' படத்தில் மூன்று வேடங்கள் ஏற்றார். சம்பாதித்த பொருளைக் கொண்டு புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார் என்றும், இனி அவருக்கு வீடு விற்கலாகாது என்று சமஸ்தானமே தடை விதித்தது என்றும் கூறுவர். அது எவ்வாறாயினும், அவ்வீடுகளில் நெடுநாள் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில், பிறந்த ஊரிலேயே திடீரென உயிர் துறந்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'சுதர்சன்' அவருடைய இறுதிப் படமாயிற்று.

புகழ் மங்கியதற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, காலம் மாறியது. 1952இல் 'பராசக்தி' வந்தது. பாட்டைக் காட்டிலும் வசனம் ஆட்சி செய்யலாயிற்று. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்னும் பின்னணி முறை வேரூன்றியது. பாடி நடித்தவர்களின் யுகம் முடிவுற்றது. இரண்டாவது, அவர் புகழ் பெற்ற கதைகளே புதிய நடிகர்களுக்கு உரியவை ஆயின. 'உத்தமபுத்திரன்', 'காத்தவராயன்' ஆகிய இரண்டும் 1958ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடிக்க மீண்டும் படமாயின. பின்வந்தவர்கள் அவற்றையே மூலம் என்று எண்ணினார்கள். மூன்றாவது காரணம் கொடியது. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் இரசாயனத்தால் ஆனவை. நாளடைவில் தாமே சிதைந்தும் போகக்கூடியவை. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியதே 1964இல்தான். அதற்குள் எத்தனையோ தமிழ்ப் படங்கள் அழிந்துவிட்டன. படம் அழிந்தால் நடிகனுக்கு எஞ்சுவது யாது? இசைத்தட்டும் ரசிகனின் நினைவுமே.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் 1944இல் பிறந்து, இத்தாலியில் எடுக்கப்பட்ட குதிரைவீரர் படங்களில் நடித்த பீட்டர் லீ லாரன்ஸ் என்னும் இளைஞர், 1974இல் முப்பதே வயதில் ரோமாபுரியில் மறைந்தார். அத்தகைய படங்கள் என்றால் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பெயரையே உலகம் கூறும். லாரன்சின் பெயரை அறிந்தவர் சிலரே. ஆனால் அந்தச் சிலர் அவரை உயிராகப் போற்றுகின்றனர். நம் எல்லைப்புறத்துக்கு அப்பாலும் ஓர் உதாரணம் உண்டு. மலையாள நடிகர் ஜெயன் 1980ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னைக்கு அருகே சோழவரத்தில், ஹெலிகாப்டர் சண்டைக் காட்சியில் நடிக்கும்போது விபத்துக்குள்ளாகி இறந்தார். அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கேரளம் அவரை இன்றும் மறக்கவில்லை. ஜெயன் மறைந்த காலத்தில் படங்களைப் பாதுகாக்க வழி இருந்தது. பிற்காலத்தில் தொலைக்காட்சி அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த சின்னப்பாவுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அன்பின் அளவில் வேறுபாடு இல்லை. அன்பைக் காக்கும் கருவியில்தான் வேறுபாடு.

அக்கருவிகளுள் வானொலிக்குத் தனியிடம் உண்டு. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கப்பெற்றது. அதாவது, 'உத்தமபுத்திரன்' வெளிவருவதற்கு முந்திய ஆண்டில். சின்னப்பாவின் இசைத்தட்டுகள் அவருடைய படங்களைக் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்ததற்கு வானொலியும் ஒரு காரணம். நம் பாட்டனார் இறுதிக் காலத்திலும் வானொலிப் பெட்டியின் அருகிலேயே அமர்ந்திருப்பார். பழைய பாட்டு ஒலிபரப்பாகும் வேளையில் வீட்டில் எவரும் பேசலாகாது. பாட்டில் சின்னப்பாவின் குரல் வந்தால் தலை நிமிரும். பிறர் குரல் வந்தால் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். நண்பர் போன பிறகு பாகவதர் குரலுக்கும் தலை நிமிர்ந்தது.

பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களே! நம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க நாம் அரும்பாடு படுகிறோம். அது நன்று. அதனோடு, நம் பாட்டன்மார் யாருடைய பாட்டுக்காகப் பல மைல் நடந்தார்கள் என்பதையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால், 'நீங்கள் எந்தக் கட்சி? பாகவதரா, சின்னப்பாவா?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். இயன்றால் அவர்கள் குரலையும் பதிவு செய்யுங்கள். படச்சுருளைக் காக்கக் காப்பகம் உண்டு. ரசிகனின் நினைவைக் காக்க அவன் வீட்டாரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?