பட்டமும் படுக்கையருகும்: பிரிட்டனில் வயதுவந்தோர் தாதிமை பல்கலைக்கழகக் கல்வியான வரலாறு

தமிழ் அக மரபில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தவள், தோழியின் தாய். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் வழங்கும் தாதி என்னும் சொல்லுக்கு, வளர்ப்புத்தாய் என்றும் பணிப்பெண் என்றும் அகராதிகள் இரு பொருள் தருகின்றன. ஆங்கிலத்தின் 'நர்ஸ்' என்பதும் ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து கிளைத்ததே. மூன்று சொற்களும் தொட்டிலருகே பிறந்தவை எனலாம். இவற்றுள் எதனோடும் 'வயதுவந்தோர்' என்னும் அடையைச் சேர்த்தால் ஒரு முரண் தோன்றும். அம்முரணையே பெயராகக் கொண்ட பட்டப்படிப்பு ஒன்று இன்று பிரிட்டனில் நடைபெறுகிறது.

வயதுவந்தோர் தாதிமை என்னும் அப்படிப்பு எவ்வாறு மருத்துவமனையின் வேலைத்தளத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் விரிவுரைக்கூடத்திற்கு வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இது பிரிட்டனின் வரலாறுதானே, இந்திய ஆய்வியல் இதழில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் வினவக்கூடும். மலாயாவிலிருந்து கப்பலேறியும், பின்னர் மலேசியாவிலிருந்து விமானமேறியும் அந்நாட்டு வார்டுகளில் பயிற்சிபெறச் சென்ற பெண்களுள் நம்மவரும் உண்டு. அவர்கள் இவ்வரலாற்றின் ஓரத்தில் நின்றவர்கள் அல்லர்.

மருத்துவமனைக்குள் ஒரு பள்ளி

கிரிமியப் போருக்குப் பின்னர்ப் பொதுமக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு, இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. ஓராண்டுப் பயிற்சி, அதன்பின் கட்டாயப் பணி. பயிற்சியாளர்கள் ஒரே இல்லத்தில் தங்கவைக்கப்பட்டனர். அவர்தம் அறிவுத்திறனைக் காட்டிலும் ஒழுக்கமும் கீழ்ப்படிதலும் கூர்ந்து மதிப்பிடப்பட்டன. இம்முறை விரைந்து பரவியதற்குக் காரணம் அதன் கல்வித்தரம் மட்டுமன்று என்பது நமது கருத்து. பயிற்சிப் பள்ளி வைத்திருந்த மருத்துவமனைக்குக் குறைந்த செலவில் உழைப்பாளர் கிடைத்தனர். காலையில் படுக்கை விரித்து, நண்பகலில் கட்டு மாற்றி, மாலையில் எஞ்சிய நேரம் இருந்தால் விரிவுரை கேட்பது என்ற இவ்வொழுங்கு நூறாண்டுக்கு மேலும் நீடித்தது.

தாதியரைச் சட்டப்படி பதிவுசெய்தல் வேண்டும் என்று எத்தல் பெட்போர்டு பென்விக் போராடியபோது நைட்டிங்கேல் அதனை எதிர்த்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நல்ல தாதியின் இயல்பைத் தேர்வுத்தாள் அளந்துவிடாது என்பது அவர் வாதம். நியூசிலாந்து 1901இலேயே சட்டமியற்றிவிட, பிரிட்டனில் தாதியர் பதிவுச் சட்டம் 1919இல்தான் நிறைவேறியது. 1921இல் திறக்கப்பட்ட பதிவேட்டின் முதல் எண் பென்விக் அம்மையாருக்கே கிட்டியது. அப்பதிவேட்டில் 'பொது' என்றொரு பகுதியும், ஆண் தாதியர், மனநோயாளரைப் பேணுவோர், குழந்தைகளைப் பேணுவோர் முதலியோர்க்குத் துணைப் பகுதிகளும் இருந்தன. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குழந்தைக்கு அடைமொழி உண்டு. மனநோயாளர்க்கு அடைமொழி உண்டு. உடல் நோயுற்ற வயதுவந்தவர்க்கு இல்லை. அவரே 'பொது'. நோயாளி என்றாலே அவர்தாம் என்று கொள்ளப்பட்ட காலம் அது.

எடின்பரோவில் தொடங்கியது

அமெரிக்கா முந்திக்கொண்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அடிலெய்டு நட்டிங் 1907இல் தாதிமைப் பேராசிரியரானார். மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1909இல் தாதிமைப் பள்ளியைத் தொடங்கியது. பிரிட்டன் இதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருந்தது. ராக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியோடு 1956இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் எல்சி ஸ்டீபன்சன் தலைமையில் தாதிமைக் கல்விப் பிரிவு அமைந்தது. 1960இல் அங்கே பட்டப்படிப்பும் தொடங்கியது. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தாதிமையின் பெயராலேயே ஓர் இளநிலைப் பட்டத்தை ஏற்படுத்தியது. அங்கே 1974இல் ஜீன் மெக்பார்லேன் இங்கிலாந்தின் முதல் தாதிமைப் பேராசிரியராக அமர்ந்தார்.

இவை பெருமைக்குரிய தொடக்கங்களே. எனினும் இவற்றில் பயின்றோர் சிறுதொகையினர். பெரும்பான்மைத் தாதியர் மருத்துவமனைப் பள்ளிகளிலேயே உருவாயினர்.

தாதிமைக் கல்வியைச் சீர்தூக்கிப் பார்க்க அரசு 1970இல் அமைத்த குழுவுக்குத் தலைமையேற்றவர் ஏசா பிரிக்ஸ். அவர் மருத்துவர் அல்லர், தாதியும் அல்லர். விக்டோரியா காலத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர். வரலாற்றுத் துறையினர்க்கு இத்தகைய வாய்ப்பு அரிதினும் அரிது. தாதிமை ஆய்வை அடித்தளமாகக் கொண்ட தொழிலாதல் வேண்டும் என்று 1972இல் வெளியான அவரது அறிக்கை வலியுறுத்தியது. அதன் விளைவான சட்டம் இயற்றப்பட ஏழாண்டுகள் ஆயின.

பதிவேடும் பட்டியலும்

மேற்கண்ட வரலாறு பல நூல்களிலும் காணக்கிடப்பது. அதனோடு சேர்த்துச் சொல்லப்படாதது ஒன்றுண்டு. போர்க்கால ஆள்பற்றாக்குறையால் 1943இல் இயற்றப்பட்ட சட்டம், பதிவேட்டுக்குக் கீழே உதவித் தாதியர்க்கென ஒரு பட்டியலை ஏற்படுத்தியது. 1961இல் இவர்க்கு 'அரசுப் பட்டியல் தாதியர்' என்னும் பெயர் வந்தது. பதிவேட்டுத் தாதிக்கு மூன்றாண்டு. பட்டியல் தாதிக்கு இரண்டாண்டு. முன்னவர் பயிற்சிக் காலத்தில் 'ஸ்டூடன்ட்' எனப்பட்டார். பின்னவர் 'பியூப்பில்' எனப்பட்டார். தமிழில் இரண்டையும் மாணவர் என்றே சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் முதற்சொல் கல்லூரியை நினைவூட்டும். இரண்டாவது தொடக்கப்பள்ளியை நினைவூட்டும்.

1948இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபின் அயர்லாந்து, கரீபியன் தீவுகள், மலாயா, மொரீசியசு முதலிய இடங்களிலிருந்து இளம்பெண்கள் பயிற்சிக்கென வந்தனர். அவர்களுள் பலர் தாம் சேர்வது எவ்வகைப் பயிற்சி என்பதை அறியாமலே பட்டியல் தாதிப் பயிற்சியில் சேர்க்கப்பட்டனர். அச்சான்றிதழைப் பல நாடுகள் முழுத்தகுதியாக ஏற்கவில்லை. பிரிட்டனுக்குள்ளேயும் அது பதவி உயர்வுக்கு வழிவிடவில்லை.

எம் பெரியம்மா ஒருவர் அவ்வாறு சென்றவர். தோட்டப் பள்ளியில் தொடங்கிப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் முடித்து, 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் வடபகுதி மருத்துவமனை ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போனார். மூன்றாண்டுப் பயிற்சிக்குரிய பள்ளிச் சான்றிதழ்கள் அவரிடம் இருந்தன. அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் நீட்டப்பட்ட தாளில் கையெழுத்திட்டார். அது இரண்டாண்டுப் பயிற்சிக்குரியது என்பதை உடன்பயின்ற ஐரியப் பெண் ஒருத்தி சொல்லித்தான் அறிந்தார். கேட்டபோது, முதலில் இதை முடியுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்களாம். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. வார்டில் அவர் செய்த வேலை பதிவேட்டுத் தாதியின் வேலையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று என்று இன்றும் சொல்வார்.

தாதிமைக்குப் பட்டம் எதற்கு என்று கேட்போர், இத்தகைய தரப்பிரிவு யாரைக் கீழே வைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும் என்பது நம் துணிபு.

'வயதுவந்தோர்' என்னும் அடை

தாதியர் மத்திய மன்றம் 1986இல் முன்வைத்த 'புராஜெக்ட் 2000' என்னும் திட்டமே பெருமாற்றத்தைக் கொணர்ந்தது. அரசு அதனை 1988இல் ஏற்க, 1989 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பயிற்சி உயர்கல்வி டிப்ளோமா நிலைக்கு உயர்ந்தது. முதல் பதினெட்டு மாதங்கள் அனைவர்க்கும் பொதுக்கல்வி. அடுத்த பதினெட்டு மாதங்கள் வயதுவந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு கிளைகளுள் ஒன்று. 'பொது' என்றிருந்த நோயாளர்க்கு அடைமொழி வந்தது இவ்வாறுதான். பட்டியல் தாதிப் பயிற்சியும் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

இவற்றினும் மேலானதாக நாம் கருதுவது மற்றொன்று. மாணவர் இனிப் பணியாளர் கணக்கில் பெரிதும் சேர்க்கப்படார். அவர் கூடுதல் ஆள். கற்க வந்தவர் என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. நைட்டிங்கேல் காலந்தொட்டு மாணவியின் உழைப்பால் நடந்த வார்டு, அவ்வுழைப்புக்கு மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. மருத்துவமனைப் பள்ளிகள் 1990களில் பல்கலைக்கழகங்களோடு இணைந்தன. ஆயினும் புதிய மாணவர்க்குக் கைப்பழக்கம் போதவில்லை என்ற குறை எழவே, 1999இல் பொதுக்கல்வி ஓராண்டாகக் குறைக்கப்பட்டு, கிளைக்கல்வி இரண்டாண்டாயிற்று. வேல்ஸ் 2004லேயே பட்டநிலைக்கு மாறியது. இங்கிலாந்தில் 2009இல் அறிவிக்கப்பட்டு, 2013 முதல் புதிதாகச் சேர்வோர் அனைவர்க்கும் பட்டப்படிப்பே வழியாயிற்று.

மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் அளவு 4,600 மணி நேரம். பாதி வகுப்பறை, பாதி நோயாளர் நடுவே. உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், சட்டம், அறவியல், ஆய்வுமுறை ஆகியவற்றை ஒருபுறம் கற்று, மறுபுறம் அறுவைப் பிரிவு, அவசரப் பிரிவு, முதியோர் வார்டு, இல்லம்தோறும் செல்லும் சமூகத் தாதிமை என மாறிமாறிப் பணியிடப் பயிற்சி பெறுதல் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்காக நாம் பிரிட்டனில் தங்கியிருந்தபோது, அடுத்த அறையில் இப்படிப்பின் மாணவி ஒருத்தி குடியிருந்தாள். விடியுமுன் பேருந்தைப் பிடிப்பாள். பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து இரவில் திரும்பி, சமையலறை மேசையில் அமர்ந்து படுக்கைப் புண் பற்றிய கட்டுரைக்கு மேற்கோள் தேடுவாள். நம் கலைப்புல மாணவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு விரிவுரை என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அந்த மேசை நினைவுக்கு வரும்.

படித்தால் பரிவு குறையுமா?

பட்டம் பெற்றவர் நோயாளியின் உடல் துடைக்கமாட்டார் என்ற ஏளனம் பிரிட்டனின் நாளிதழ்களில் ஒலித்தது. மிட் ஸ்டாபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளர் புறக்கணிக்கப்பட்ட கொடுமையை ஆராய்ந்த பிரான்சிஸ் அறிக்கை 2013இல் வெளிவந்தபோது அவ்வேளனம் வலுத்தது. அங்கே பணிபுரிந்த தாதியருள் பெரும்பாலோர் பட்டநிலை கட்டாயமாகுமுன் பயின்றவர்கள் என்பதை ஏளனம் செய்தோர் எண்ணிப் பார்க்கவில்லை. தாதிமைக் கல்வியை ஆராய்ந்த வில்லிஸ் ஆணைக்குழுவும் அதற்கு முந்திய ஆண்டிலேயே, தரக்குறைவான பராமரிப்புக்குக் கல்வியைப் பொறுப்பாக்கச் சான்றில்லை என்று கூறியிருந்தது.

2014இல் 'லான்செட்' இதழில் லின்டா எய்க்கன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளைச் சார்ந்தது. பட்டம் பெற்ற தாதியர் விழுக்காடு பத்துக் கூடினால், அறுவைச் சிகிச்சை பெற்றோர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு விழுக்காடு குறைவதாக அது கண்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே, காரணத்தை நிறுவியதன்று. நல்ல மருத்துவமனைகள் பட்டதாரிகளை ஈர்த்திருக்கவும் கூடும். ஆயினும் நாடித்துடிப்பின் சிறு மாற்றத்தை முதலில் காண்பவர் தாதியே ஆதலால், அம்மாற்றத்தின் பொருளை அவர் அறிந்திருத்தல் உயிர்காக்கும் என்பதை நாம் ஏற்கிறோம்.

பட்டத்தின் மறுபக்கம் செலவு. இங்கிலாந்தில் தாதிமை மாணவர்க்கு வழங்கப்பட்ட உதவித்தொகை 2017இல் புதிதாகச் சேர்ந்தோர்க்கு நிறுத்தப்பட்டது. அவர்கள் கட்டணக் கடன் பெறவேண்டியதாயிற்று. விண்ணப்பங்கள் குறைந்தன, குறிப்பாக, வயது முதிர்ந்தபின் படிக்க வருவோர் பின்வாங்கினர். 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் மீண்டும் வந்தது. ஸ்காட்லாந்து உதவித்தொகையை நிறுத்தவேயில்லை. இதற்கிடையே பட்டமில்லாத 'தாதிமை இணையர்' என்னும் புதிய நிலை இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு, 2019இல் அவர்க்கும் பதிவேடு திறக்கப்பட்டது. பயிற்சிக்காலம் இரண்டாண்டு. முன்னைய பட்டியல் தாதியின் நினைவு எழாமல் இதனைப் படிக்க நம்மால் இயலவில்லை.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2006இல் தாதிமைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் இப்பட்டம் உண்டு. இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் சிலர், அறிவியலில் தேர்ந்த மாணவி தாதிமை படிக்க விரும்பினால் பெற்றோர் தயங்குவதாக நம்மிடம் கூறுவர். தாதி என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் இன்னும் காதில் ஒலிக்கிறது போலும்.

இக்கட்டுரையை எழுதுமுன் பெரியம்மாவைச் சந்தித்தோம். பட்டப்படிப்பின் விவரங்களைப் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டாவது வருசத்திலேயே ராத்திரி முழுக்க முப்பது பேர் உள்ள வார்ட என் கையில விட்டுட்டுப் போவாங்க. இப்ப அப்படி விடுவாங்களா?" என்றார். இப்போது மாணவரைப் பணியாளர் கணக்கில் சேர்க்கக்கூடாது, அவர்கள் படிக்க வந்தவர்கள் என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"நாங்களும் படிக்கத்தானே போனோம்" என்றார்.