பிராடியின் அமிலமும் கிராஃபீன் காகிதமும்

கிராஃபீன்னு சொன்னாலே எல்லாரும் செலோடேப் கதையைத்தான் சொல்வாங்க. 2004-ல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் கிராஃபைட் மேல டேப்பை ஒட்டி ஒட்டிப் பிரிச்சு, ஒரே ஒரு அணு கனமுள்ள கரி ஏட்டை எடுத்தாங்க. 2010-ல் நோபல். நல்ல கதைதான், மறுக்கலை. ஆனா டேப்பில் வர்றது வெறும் துணுக்கு. கையில் பிடிச்சு வளைக்கிற மாதிரி, மின்சாரமும் பாயுற மாதிரி ஒரு முழுத் தாள் வேணும்னா அதுக்கு வேற வழி. அந்த வழிக்கு வயசு நூத்தம்பதுக்கும் மேல!

1859-ல் பெஞ்சமின் பிராடி என்ற ஆங்கிலேய வேதியியலாளர், கிராஃபைட்டின் அணு எடையைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார். பொட்டாசியம் குளோரேட்டையும் புகையும் நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்து, கிராஃபைட்டைத் திரும்பத் திரும்ப வறுத்தெடுத்தார். கரி மஞ்சளாச்சு. அணு எடை 33 என்று கணக்குப் போட்டார் (கார்பனுக்கு 12தாங்க!). விடை தப்பு, ஆனா கையில் கிடைச்ச பண்டம் அசல். அதுதான் இன்றைய கிராஃபைட் ஆக்சைடு.

கிராஃபைட் என்பது விசிறி பரோட்டா மாதிரி ஏடு ஏடா அடுக்கினது. ஏடுகளில் ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டா நடுவில் தண்ணீர் புகுந்துடும், ஏடுகள் பிரிஞ்சு மிதக்கும். குளோரேட் முறை வெடிக்கக்கூடியது, நாள்கணக்கில் இழுக்கும். 1958-ல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பெர்மாங்கனேட் போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முடிச்சாங்க.

2007-ல் அமெரிக்காவில் ராட்னி ருவாஃப் குழு இந்த மிதக்கும் ஏடுகளை வடிகட்டித் தாளாக்கியது. வளையுது, உறுதியாவும் இருக்கு. ஆனா மின்சாரம்? ம்ஹூம். பிரிச்சுக் கொடுத்த அதே ஆக்சிஜன்தான் மின்சாரத்துக்குக் குறுக்கே நிக்குது. சரி, ஆக்சிஜனை எடுத்துடலாம்னா ஏடுகள் கட்டிகட்டியா சேர்ந்துக்குது. இங்கேதான் சிக்கலே.

2008-ல் ஆஸ்திரேலியாவின் உல்லங்காங் பல்கலைக்கழகக் குழு (கூடவே கலிஃபோர்னியாவின் கேனர்) இதை அவிழ்த்தது. ஹைட்ரசீனோடு அமோனியாவும் சேர்த்தாங்க. காரத்தன்மை ஏறினதும், ஏடுகளில் மிச்சமிருந்த அமிலத் தொகுதிகள் எதிர்மின்சுமை ஏறி ஒன்றையொன்று தள்ளின, கட்டி சேரவில்லை. வடிகட்டினா உலோகம் மாதிரி மினுமினுக்கும் தாள், மின்சாரமும் பாயுது. ஆனா செம்போடு போட்டி போட முடியாது. அமிலம் போட்ட ஓட்டைகள் முழுசா ஆறுவதில்லை.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. அதே ஹைட்ரசீனை, அதே ஆக்சைடின் மேல், 1962-லேயே ஜெர்மனியில் ஹான்ஸ்-பீட்டர் போம் போட்டுப் பார்த்திருக்கார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒற்றை ஏடு தெரிஞ்சதுன்னு எழுதியும் வச்சார். பெருசா யாரும் கண்டுக்கலை. கைம் தன் நோபல் உரையில் அந்த வேலையைக் குறிப்பிட்டுச் சொன்னார், அந்த மட்டும் சந்தோஷம். 1986-ல் ‘கிராஃபீன்’ என்ற பெயரை முன்வைத்ததும் இதே போமும் கூட்டாளிகளும்தான் :-)