ஜமக்காளத்துக்கு ஒரு நியாயம்!

பவானி கூடுதுறைக்குப் போனால் திரும்பும்போது கையில் ஒரு ஜமக்காளம் இருக்கும், இல்லையா? 19-ம் நூற்றாண்டின் கடைசியில், சீமைத் துணியோடு போட்டி போட முடியாமல் தவித்த ஜங்கமர் நெசவாளர்கள் முரட்டு நூலில் நெய்து பிழைத்த விரிப்பு அது. 2005-06-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனாலும் விசைத்தறி நகல் அதே பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. கேட்டால் உங்களுக்கே கோபம் வரும்.

அதே கோபத்தோடு, கம்ப்யூட்டரில் டியூன் போடும் உங்கள் பையனிடம், ‘இந்த சிந்தசைஸர் காசு குடுத்து வாங்கினதாப்பா?’ என்று கேளுங்கள். முழிப்பான்!

1983-ல் யமஹாவின் டி.எக்ஸ்.7 தூக்கிச் சுமக்கும் பெட்டி. 1999-ல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க், வி.எஸ்.டி.யின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. வாத்தியமே கம்ப்யூட்டருக்குள் செருகும் ‘ப்ளக்-இன்’ ஆனது. பெட்டியைத் திருடப் பூட்டை உடைக்கணும்; இதற்கு ஒரு ‘கிராக்’ போதும். கூடவே வைரஸும் இலவசமாக வரலாம்.

சட்டம் சும்மா இல்லை. 1994-ல் திருத்திய காப்பிரைட் சட்டப்படி, தெரிந்தே திருட்டு சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து, அபராதத்தோடு கோர்ட் விடலாம்.

‘காசுக்கு எங்கே போறது?’ என்பீர்கள். சர்ஜ் 2018-லிருந்து எல்லோருக்கும் இலவசம். 2020-ல் வந்த வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. அப்புறம் எதற்குத் திருட்டு?

தறியில் உட்கார்ந்தவருக்கும் கீபோர்டில் உட்கார்ந்தவருக்கும் உழைப்பு உழைப்புதான். ஜமக்காளத்தை விரித்து அடுத்த டியூனைப் போடுமுன், இரண்டும் அசலா என்று பார்த்துவிடுங்கள்.