பௌர்ணமி வருமானமும் முதலீட்டு வினாத்தாளும்

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையோரம் இட்லிக்கடை போட்டிருப்பவரின் மாத வருமானத்தில் கணிசமான பங்கு பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு இரவுகளில் வருகிறது. மளிகை கடனில் வரும். கூட்டம் கலைந்த மறுநாள் கடன் அடையும். அவருடைய சேமிப்பு பெரும்பாலும் வங்கி வைப்பு, நகை, ஏலச்சீட்டு, முடிந்தால் ஒரு மனை. எந்த முதலீட்டு வினாத்தாளை நீட்டினாலும் அவருக்கு விழும் முத்திரை ஒன்றுதான்: 'ரிஸ்க் எடுக்கத் தயங்குபவர்'.

இந்த முத்திரை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறை இரண்டு விஷயங்களை அளக்கச் சொல்கிறது: வாடிக்கையாளர் எவ்வளவு இடரை ஏற்க மனம் கொள்கிறார், எவ்வளவு இழப்பை அவரால் தாங்க முடியும். நடைமுறையில் பல வினாத்தாள்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. 'முதலீடு 20 சதவீதம் சரிந்தால் விற்பீர்களா, காத்திருப்பீர்களா?' என்று கேட்கிறார்கள். அதே மாதம் கடையும் மூடிக்கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பவர் அரிது.

2020 மார்ச் அந்தக் கேள்வியைக் கேட்டது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,935 புள்ளிகள், ஏறத்தாழ 13 சதவீதம், விழுந்தது. அதே வாரம் பொதுமுடக்கம், கிரிவலத்துக்கும் தடை. சந்தை அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. கிரிவலம் பழையபடி தொடங்க 2022 மார்ச் ஆயிற்று. 'மிக அதிக இடர்' என்று கருதப்படும் பங்குகள் எட்டே மாதத்தில் மீண்டன. இடரே இல்லை என்று ஊர் நம்பிய கோயில் வருமானம் இரண்டாண்டு முடங்கியது. இதை வைத்துப் பங்குச்சந்தைக்குக் கொடி பிடிப்பதும் தவறு. அந்த எட்டு மாதம் காத்திருக்கச் சம்பளக்காரரால் முடிந்தது. இட்லிக்கடைக்காரர் பங்கு வைத்திருந்தால் ஏப்ரலிலேயே நட்டத்துக்கு விற்றிருப்பார். மனத்துணிவு இருவருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

இது வெறும் ஊகமன்று. பொருளியலாளர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் இந்தியக் கிராமங்களில் விவசாயிகளிடம் உண்மைப் பணத்தையே வைத்து நடத்திய சோதனை 1980இல் வெளியானது. பந்தயத் தொகை பெரிதானபோது பெரும்பாலோர் மிதமான எச்சரிக்கையையே காட்டினர். சொத்து கூடக் குறைய இருப்பது அந்த மனப்பான்மையைப் பெரிதாக மாற்றவில்லை. அப்படியானால் ஏழை விவசாயி புதிய விதைக்குத் தயங்குவதன் காரணத்தை அவர் மனத்தில் தேடிப் பயனில்லை. கடன் வசதி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு இல்லை என்பதில் தேட வேண்டும்.

எச்சரிக்கையானவர் என்ற முத்திரை ஆபத்திலிருந்து காப்பதும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் வழக்குப் பதிந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது குற்றச்சாட்டு. பேராசை என்று ஒரு சொல்லில் இதைத் தள்ளிவிடுகிறோம். ஆனால் பங்குச்சந்தையைச் சூதாட்டம் என்று ஒதுக்கும் குடும்பங்களுக்கு இத்தகைய திட்டம் வட்டிக்கு விடுவதுபோலத்தான் தெரிகிறது: விலை ஏறி இறங்குவது கண்ணில் படாது, மாதாமாதம் பணம் வரும், கொண்டுவந்து சேர்ப்பவர் உறவுக்காரர். ஏற்ற இறக்கத்தையே இடர் என்று பழக்கிய வினாத்தாள், ஏற்ற இறக்கமே காட்டாத மோசடியிடம் தோற்றுப்போகிறது.

ஆகவே கோயில் நகரத்து வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. இரண்டு பௌர்ணமி தவறினால் வீடு எதில் ஓடும்? வைப்புத் தொகை, 5 லட்சம் ரூபாய் காப்பீடு உள்ள வங்கியில் இருக்கிறதா, பதிவில்லாத சீட்டிலா? முக்கியமாக, கடை, வாடகைக்கு விடும் அறை, கிரிவலப் பாதையோர மனை மூன்றும் ஒரே பக்தர் கூட்டத்தை நம்பி நிற்கின்றனவா? ஆம் என்றால், அவர் அடுத்து வாங்க நினைக்கும் 'பத்திரமான' இரண்டாவது மனைதான் அவரிடம் இருப்பவற்றிலேயே இடர் மிகுந்த முதலீடாக இருக்கும்.