மென்குரல் பாடகர்கள்: மட்டக்களப்பு வாவிப் பகுதியும் வானொலிக் காலமும்

மென்குரல் பாட்டு என்பது குரலை உயர்த்தாமல், கேட்பவரின் காதருகே இருந்து பேசுவதுபோல் பாடும் முறை. 1925இல் மின்னியல் ஒலிப்பதிவு வந்த பிறகே இது தனிப் பாணியாக உருக்கொண்டது. அதற்கு முன்பு இசைத்தட்டுக்காகப் பாடியவர்கள் பெரிய புனல் ஒன்றின் முன் நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. மேடையிலும் கடைசி வரிசைக்கு எட்டாத குரலுக்கு மதிப்பில்லை. ஒலிவாங்கியோ பாடகரின் மூச்சையும் பிடித்துக்கொண்டது. சில வகை ஒலிவாங்கிகளை நெருங்க நெருங்கக் குரலின் கீழ்ச் சுரங்கள் தடித்துக் கேட்கும். அதனால் தணிந்த குரலுக்கும் நிறைவு கிடைத்தது. அமெரிக்காவில் ரூடி வாலி, பிங் கிராஸ்பி ஆகியோர் இப்படிப் பாடிப் புகழ்பெற்றபோது, பொஸ்டன் நகரக் கர்தினால் ஓகொனல் 1932இல் அதை இழிந்த கலை என்று கண்டித்தார்.

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு வாவியின் கரைகளில் அந்தரங்கமான பாட்டு அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. மேற்கே படுவான்கரை வயல்வெளிகளிலும் கிழக்கே எழுவான்கரை ஊர்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் பாடிவந்த ‘கவி’ நாலடிப் பாட்டு. காதலர் ஒருவரையொருவர் மச்சான், மச்சி என்று விளிப்பார்கள். மாமன், மாமி பிள்ளைகளிடையே மணம் செய்யும் வழக்கம் அந்த விளிக்குப் பின்னால் இருக்கிறது. வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இந்தப் பகுதியின் பாட்டு மரபை அறிய இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூல்.

ஆனால் கவியின் சொல்தான் அந்தரங்கமானது, குரல் அப்படியல்ல. இராக்காவலுக்குப் பரணில் இருப்பவர் திறந்த வெளியில் பாடுகிறார். தொண்டையைத் திறந்து, ஓசையை நீட்டிப் பாடினால்தான் அடுத்த வயலுக்குக் கேட்கும். தணிந்த குரல் தாலாட்டுக்கு உரியது, அது வீட்டுச் சுவரைத் தாண்டாது. கவியின் காதல் பேச்சும் தாலாட்டின் குரலும் ஒரே பாட்டில் கூடி ஊர் முழுவதையும் எட்டுவதற்கு ஒலிவாங்கியும் வானொலியும் தேவைப்பட்டன. மெல்லிய ஓசைக்குக் கருவி தேவைப்படுவது இங்கே புதிதல்ல: மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேனாடு’ என்ற பெயரைத் தந்த வாவியின் ஓசையையும் நிலாக் காலத்தில் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்துத்தான் கேட்பார்கள்.

தமிழ்த் திரையில் காதல் பேச்சும் தணிந்த குரலும் சேர்ந்த அந்தக் கூடலை நிகழ்த்தியவர்கள் இருவர். முதலாமவர் ஏ. எம். ராஜா (1929–1989). தியாகராஜ பாகவதரும் டி. ஆர். மகாலிங்கமும் நாடக மேடைக் குரலில் உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, ஜெமினி ஸ்டூடியோவின் ‘சம்சாரம்’ (1951) வழியாக வந்த இந்தக் குரல் முற்றிலும் புதிது. ‘மிஸ்ஸியம்மா’ (1955) நடிகர் ஜெமினி கணேசனுக்கும் ராஜாவின் குரலுக்கும் இருந்த பொருத்தத்தை நிலைநாட்டியது. ‘கல்யாண பரிசு’ (1959), ‘தேன் நிலவு’ (1961) ஆகிய, இயக்குநர் ஸ்ரீதரின் படங்களுக்கு இசையமைத்தவரும் அவரே. தன் குரலின் எல்லையை அறிந்து மெட்டுகளை அமைத்தது அவற்றின் அழகுக்கு முக்கியமான காரணம். மனைவி ஜிக்கியுடன் பாடிய இணைப்பாடல்களில் இரு குரல்களும் ஒன்றையொன்று முந்துவதில்லை. 1989 ஏப்ரலில் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் ராஜா இறந்தார்.

மற்றவர் காக்கிநாடாவில் பிறந்த பி. பி. ஸ்ரீநிவாஸ் (1930–2013). ராஜாவின் குரலில் ஒரு மென்மையான நடுக்கம் உண்டு; ஸ்ரீநிவாஸின் குரல் அசையாமல் கீழ் ஸ்தாயியில் தங்கும். ‘பாவ மன்னிப்பு’ (1961), ‘சுமைதாங்கி’ (1962), ‘ராமு’ (1966) படங்களில் ஜெமினி கணேசனுக்காகப் பாடியவற்றைக் கேட்டால், துயரத்தைச் சொல்லக் குரல் உடைய வேண்டியதில்லை என்பது விளங்கும். தமிழ் மென்குரலின் உச்சம் இவர்தான் என்று துணிந்து சொல்லலாம். கன்னடத்தில் நடிகர் ராஜ்குமாரின் பாட்டுக் குரலாகப் பல ஆண்டுகள் இருந்தவரும் இவரே.

இந்தக் குரல்களை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தது இலங்கை வானொலி. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட, கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பு கடலின் இரு கரைகளிலும் செல்வாக்குப் பெற்றது. தேத்தண்ணிக் கடை வானொலியில் ராஜாவைக் கேட்டவர்களுக்கு அவர் வெளிநாட்டுப் பாடகராகத் தோன்றவில்லை.

அந்த ஒலிபரப்பு நிலையத்திலேயே 1970களில் ஈழத்து மெல்லிசை வளர்ந்தது. இசையமைத்தவர்களில் ஆர். முத்துசாமியும் எம். கே. ரொக்சாமியும், பாடியவர்களில் எஸ். கே. பரராஜசிங்கமும் எம். ஏ. குலசீலநாதனும் குறிப்பிடத்தக்கவர்கள். திரைப்படத்தை நம்பாமல் வானொலிக்கென்றே ஆக்கப்பட்டதால், உள்ளூர்க் கவிஞர்களின் வரிகளுக்கும் இடம் கிடைத்தது. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனின் (1931–1975) ‘ஓ வண்டிக்காரா’ அப்படி மெல்லிசையானது. வாவியின் தென்புறத்து ஊரொன்றில் பிறந்த கவிதையை, சென்னைப் பாடல்கள் வந்த அதே அலைவரிசையில் தீவு முழுவதும் கேட்டது.